மொறுமொறுப்பு கரும்பு வயலில் தொடங்குகிறது

புரட்டாசி முடியும் நேரத்தில் எனக்கு வரும் போன்களின் போக்கே மாறிவிடும். மக்காச்சோளத்தில் படைப்புழு, தென்னையில் வெள்ளை ஈ என்று கேட்டுக்கொண்டிருந்த அதே வீடுகளிலிருந்து, "மேடம், நாட்டுச்சர்க்கரையில பலகாரம் செஞ்சா சாயந்தரத்துக்குள்ள நமுத்துப் போகுதுங்க, என்னங்க பண்றது?" என்று கேட்பார்கள். வேளாண்மை அலுவலரிடம் கேட்கிற கேள்வியா என்று கூட வேலை பார்ப்பவர்கள் சிரிப்பதுண்டு. சரியான ஆளிடம்தான் கேட்கிறார்கள் என்பது என் எண்ணம். பலகாரம் நமுத்துப்போவதற்குப் பாதிக் காரணம் அடுப்படியில் இருக்கிறது. மீதிப் பாதி கரும்பு வயலிலும் ஆலைக் கொட்டகையிலும் இருக்கிறது.

இரண்டு மூன்று வருடங்களாக இந்தக் கேள்வியோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பிள்ளைகள் செல்போனில் பார்த்துவிட்டு, பட்டைத்தூளும் சர்க்கரையும் தூவிய மொறுமொறுப்பான பலகாரம் வேண்டும் என்கிறார்கள். ஸ்பெயினில் இதைச் சுர்ரோஸ் என்று நீளமாகப் பிழிந்து சுடுகிறார்கள். மெக்சிகோவில் புனுவெலோஸ் என்று அப்பளம்போல் மெல்லிசாகத் தேய்த்துப் பொரித்துக் கிறிஸ்துமஸ் சமயத்தில் சாப்பிடுகிறார்கள். பேக்கரியில் வாங்கினால் விலை அதிகம். வீட்டில் செய்யலாமா என்பது தாய்மார்களின் கேள்வி.

தாராளமாகச் செய்யலாம். புதிதாக ஒன்றும் கற்க வேண்டாம். நம் வீடுகளில் தீபாவளிக்குச் செய்யும் கலகலாவேதான் அது. சாய்சதுரமாக வெட்டிப் பொரித்து எடுக்கிறோமே, சில ஊர்களில் டைமண்ட் பிஸ்கட் என்பார்கள், அதன்மேல் பட்டைத்தூள் கலந்த சர்க்கரையைத் தூவினால் முடிந்தது. கொங்குச் சமையலில் பட்டை குழம்புக்கும் பிரியாணிக்கும் உரியது. இனிப்பு என்றால் நமக்கு ஏலக்காயும் சுக்கும்தான். கச்சாயத்தில் பட்டை போட்டால் எங்கள் அம்மா அடுப்படியை விட்டே விரட்டியிருப்பார். ஆனால் கோதுமை மாவுக்கும் கரும்புச் சர்க்கரைக்கும் பட்டை நன்றாகவே பொருந்துகிறது.

வீட்டுக்கு ஒரு கொப்பரை, ஊருக்கு ஒரு கொப்பரை

இதைப் பற்றி எழுதவேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் ஒரு குடும்பம். தடப்பள்ளி வாய்க்கால் பாசனம், இரண்டரை ஏக்கர் கரும்பு. கணவர், மனைவி, மாமியார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். தங்கள் கரும்பைப் பக்கத்துத் தோட்டத்து ஆலையில் ஆட்டி நாட்டுச்சர்க்கரையாக விற்கிறார்கள்.

போன வருடம் கரும்பு பார்க்கப் போயிருந்தபோது அந்த வீட்டுப் பெண், தான் செய்த கலகலாவைத் தட்டில் வைத்தார். கருப்பட்டி நிறத்தில் சர்க்கரை ஒட்டியிருந்தது. "நல்ல நிறமா இருக்குதே, மருந்து போடாததா?" என்று கேட்டேன்.

"வீட்டுக்கு எடுக்கற கொப்பரையில மருந்து போடமாட்டோமுங்க" என்றார், சாதாரணமாக.

திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமியார் குறுக்கிட்டார். "நாம திங்கறது கருப்பு, ஊருக்கு அனுப்பறது வெளுப்பு. எங்க காலத்துல ஒரே கொப்பரைதான் அம்மிணி."

மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "சொல்றதுக்கு நல்லாத்தான் இருக்குது. மருந்து போடாம ரெண்டு மூட்டை கொண்டுபோனேனுங்க மேடம். நிறம் மட்டம்னு ரெண்டாம் ரகத்துல தள்ளிட்டாங்க. அதுல கொறஞ்ச காசு எனக்கு வெட்டுக்கூலிங்க. கூட்டுறவுல வாங்கின பயிர்க்கடன் இருக்குது. நான் மட்டும் நல்லவனா இருந்து என்ன பண்றது?"

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வெல்லமும் சர்க்கரையும் நிறத்தை வைத்தே விலை போகின்றன. வெளுப்பாக, பொன்னிறமாக இருந்தால் முதல் ரகம். வாங்குகிறவர் அதைத்தான் கேட்கிறார், அவரிடம் வாங்கும் கடைக்காரர் அதைத்தான் கேட்கிறார், கடைசியில் நகரத்தில் வாங்கும் நாமும் அதைத்தான் கையில் எடுக்கிறோம். கொப்பரையில் ஹைட்ரோஸ் என்று போடும் சோடியம் ஹைட்ரோசல்பைட் செய்வது வெளுக்கும் வேலை மட்டும்தான். ருசியையோ சத்தையோ அது கூட்டுவதில்லை. கந்தகம் தங்கிவிடும். வெளுத்த நிறமும் நிலைப்பதில்லை. இருப்பு வைத்தால் சில மாதங்களில் மறுபடி கறுத்துவிடும்.

அந்தப் பெண் என்னை வழியனுப்ப வந்தபோது கேட்டார்: "இந்தக் கருப்புச் சர்க்கரையை நிறம் பார்க்காம வாங்கறதுக்கு ஏதாவது வழி இருக்குதுங்களா?" தட்டில் வைத்திருந்த பலகாரத்தையே காட்டினேன். பட்டைத்தூளும் பழுப்பு, சர்க்கரையும் பழுப்பு. இதில் நிறத்தைப் பார்த்து யாரும் இரண்டாம் ரகம் என்று சொல்லப்போவதில்லை. கறுப்பாக இருந்தால்தான் இன்னும் பார்வையாக இருக்கும்.

ஆனால் ஒரு குறை இருந்தது. காலையில் செய்த பலகாரம் நான் சாப்பிட்ட நாலு மணிக்கே நமுக்கத் தொடங்கியிருந்தது. விற்பதென்றால் அது ஆகாது.

ஏன் நமுத்துப் போகிறது?

வெள்ளைச் சர்க்கரை ஏறக்குறைய முழுக்க சுக்ரோஸ். அதன் படிகம் காற்றிலிருந்து ஈரத்தை எளிதில் இழுக்காது. நாட்டுச்சர்க்கரையில் சுக்ரோசோடு குளுக்கோஸ், பிரக்டோஸ், தாது உப்புகள் எல்லாம் இருக்கின்றன. குளுக்கோசும் பிரக்டோசும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உடையவை. அவை கூடக்கூடச் சர்க்கரை கசியும், கட்டி பிடிக்கும். அதைப் பலகாரத்தின் மேல் தூவினால், ஐப்பசி மழைக்காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி மாவுக்குக் கொடுத்துவிடும். மொறுமொறுப்பு போய்விடும்.

அப்படியானால் குளுக்கோசும் பிரக்டோசும் எப்போது கூடுகின்றன? வெட்டிய கரும்பு காத்திருக்கும்போது. கரும்பு வெட்டுப்பட்டதுமே அதில் உள்ள சுக்ரோஸ் உடைந்து இந்த இரண்டாகவும் மாறத் தொடங்கும். அந்த வீட்டில் விசாரித்தேன். அந்த முறை ஆட்டியது கட்டைக்கரும்பு. பயிர் வெளிறித் தெரிகிறது என்று ஏழாம் மாதத்தில் யூரியா போட்டிருக்கிறார்கள். வெட்டிய பிறகு ஆலை முறை கிடைக்காமல் இரண்டு நாள் வரப்பில் கிடந்திருக்கிறது. பலகாரம் நமுத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நிறம் கறுப்பதற்கும் இவையே பெரிய காரணங்கள். கடைசி நேரத் தழைச்சத்து, உப்புத்தண்ணீர்ப் பாசனம், முதிராத கரும்பு, காத்திருந்த கரும்பு, இவை எல்லாம் சாற்றைக் கெடுக்கின்றன. கெட்ட சாற்றின் நிறத்தை மறைக்க மருந்து தேவைப்படுகிறது. நல்ல சாறு இருந்தால் மருந்தில்லாமலே ஓரளவு பொன்பழுப்பு வரும். கவனிக்க வேண்டியவை இவைதான்:

• தழைச்சத்து உரத்தை 30, 60, 90-ம் நாட்களில் பிரித்துப் போட்டு முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு பயிர் வெளுப்பாகத் தெரிந்தாலும் யூரியா மூட்டையைத் தொடாதீர்கள். என்ன குறை என்று மண்ணைப் பரிசோதித்துப் பாருங்கள்.

• ஐந்தாம் மாதமும் ஏழாம் மாதமும் சோகை உரியுங்கள். காற்றோட்டம் கிடைக்கும், ஆட்டும்போது சாற்றில் குப்பை சேராது.

• வெட்டும் முன் ரிஃப்ராக்டோமீட்டரில் பிரிக்ஸ் அளவு பாருங்கள். 18 முதல் 20 வந்தால் நல்லது. அடிக்கரும்பிலும் நுனிக்கரும்பிலும் அளவு ஏறக்குறைய ஒன்றாக வருவதுதான் முதிர்ச்சியின் அடையாளம்.

• ஆலை முறை கிடைத்த பிறகு வெட்டுங்கள். வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆட்டிவிட வேண்டும். சுலபமாகச் செய்யக்கூடியதும் இதுதான், பலரும் தவறவிடுவதும் இதுதான்.

• சாறு தெளிவதற்குத் தெளிந்த சுண்ணாம்பு நீரும், வெண்டைச் செடியின் தண்டை நசுக்கி ஊறவைத்த வழவழப்பான சாறும் போதும். அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வரும். பொறுமையாக அள்ளி எடுங்கள். சுண்ணாம்பு கூடினால் நிறம் கறுக்கும்.

• அச்சு வெல்லத்தைவிடச் சர்க்கரைக்குப் பாகு சற்று முற்ற வேண்டும். வெல்லத்துக்கு 116 முதல் 118 டிகிரி செல்சியஸ் என்றால், தூள் சர்க்கரைக்கு 120 முதல் 122. பதம் தெரிந்த ஆலைக்காரருக்கு வெப்பமானி வேண்டாம். புதிதாகப் பழகுகிறவர்கள் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

• தேய்த்த சர்க்கரையை மூட்டை கட்டும் முன் நிழல் காய்ச்சலாக உலர்த்துங்கள். ஈரம் 2 சதவீதத்துக்குக் கீழ் வந்தால் கசியாது.

நம் கோவைக்கும் கரும்புக்கும் நூறாண்டுக்கு மேல் உறவு. 1912-ல் இங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கினார்கள். 1918-ல் அங்கிருந்து வெளிவந்த கோ 205, நாட்டுக் கரும்போடு காட்டு நாணலைச் சேர்த்து உருவான ரகம். வட இந்தியக் கரும்பு விவசாயத்தின் போக்கையே மாற்றியது. பல்கலைக்கழகத்தில் நாங்கள் படித்த 1980-களின் கடைசியில் பேராசிரியர்கள் எங்களை அந்த நிலையத்துக்கு நடத்தியே கூட்டிப்போவார்கள். இன்று நம் பகுதியில் பரவலாக இருக்கும் கோ 86032 அங்கே பிறந்ததுதான். அதிலிருந்து வெல்லமும் சர்க்கரையும் நன்றாகவே வரும். ஆக, ரகத்தில் நமக்குக் குறையில்லை. பழனி பஞ்சாமிர்தத்துக்கே கவுந்தப்பாடியிலிருந்து நாட்டுச்சர்க்கரை போகிறது. அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

செய்முறை

அளவைக் கிராமில் தருகிறேன். டம்ளர் கணக்கில் செய்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வரும்.

கோதுமை மாவு 250 கிராம், வெண்ணெய் அல்லது நெய் 25 கிராம் (ஊத்துக்குளி வெண்ணெய் கிடைத்தால் விசேஷம்), உப்பு ஒரு சிட்டிகை, பிசையத் தண்ணீர் சுமார் 100 மில்லி. பொரிக்கச் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய். தூவுவதற்கு உலர்ந்த நாட்டுச்சர்க்கரை 90 கிராம், பட்டைத்தூள் ஒரு தேக்கரண்டி, விருப்பப்பட்டால் சுக்குத்தூள் ஒரு சிட்டிகை.

முதலில் சர்க்கரையைத் தயார் செய்யுங்கள். தட்டில் மெல்லிசாகப் பரப்பி இரண்டு மணி நேரம் வெயிலில் வையுங்கள். வெயில் இல்லாவிட்டால் இரும்புச் சட்டியைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே சர்க்கரையைப் புரட்டி எடுங்கள். ஆறியதும் மிக்ஸியில் ஒரு சுற்று விட்டுச் சலித்து, பட்டைத்தூளைக் கலந்து மூடி வையுங்கள்.

வெண்ணெயை உருக்கிச் சூடாக மாவில் ஊற்றி, விரல்களால் நன்றாகப் பிசறுங்கள். கையில் பிடித்தால் கொழுக்கட்டைபோல் பிடிபட வேண்டும். விட்டால் உதிர வேண்டும். மாவில் உள்ள பசைச்சத்து தண்ணீர் பட்டால் நீண்ட இழையாகப் பின்னிக்கொள்ளும். சப்பாத்தி மெத்தென்று இருப்பது அதனால்தான். முதலில் நெய் பூசிவிட்டால் அந்தப் பின்னல் குறையும். கடித்தால் உடைகிற தன்மை அப்படித்தான் வருகிறது.

தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பூரி மாவைவிடக் கெட்டியாகப் பிசையுங்கள். ஈரத்துணி போட்டு 20 நிமிடம் மூடி வையுங்கள். பிறகு மெல்லிசாகத் தேய்த்து, முள்கரண்டியால் இடைவெளி விட்டுக் குத்துங்கள். குத்தாவிட்டால் பூரியாக உப்பும். உப்பியது ஆறியதும் தொய்யும். சாய்சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். சோடா மாவு வேண்டாம், அது எண்ணெயை அதிகம் குடிக்க வைக்கும்.

எண்ணெய் காய்ந்ததும் ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள். அடியில் சற்று நின்று மெதுவாக மேலே வந்தால் அதுதான் பதம். உடனே மேலே பாய்ந்தால் சூடு அதிகம். வெளியே சிவந்து உள்ளே ஈரம் நின்றுவிடும். அந்த ஈரமே மறுநாள் நமுப்பாக வெளியே வரும். நடுத்தரத்துக்கும் சற்றுக் குறைந்த தீயில், எண்ணெயின் சலசலப்பு அடங்கும்வரை பொரியுங்கள். சலசலப்பு என்பது மாவிலிருந்து நீர் ஆவியாகும் ஓசை. அது அடங்கினால் ஈரம் போய்விட்டது என்று பொருள்.

எப்போது சர்க்கரை தூவுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எடுத்தவுடன் தூவினால் பலகாரத்திலிருந்து வரும் ஆவி சர்க்கரையைக் கரைத்துவிடும். முழுக்க ஆறிய பிறகு தூவினால் ஒட்டாது, டப்பாவின் அடியில்தான் கிடக்கும். இரண்டு மூன்று நிமிடம் எண்ணெய் வடியவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் அகலமான பாத்திரத்தில் போட்டுக் குலுக்குங்கள். மேலே இருக்கும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சே சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஒரு மணி நேரம் திறந்தே ஆறவிட்டு, ஈரமில்லாத டப்பாவில் அடையுங்கள். 15 நாள் தாங்கும்.

சிலர் மாவிலேயே சர்க்கரையைக் கரைத்துப் பிசைகிறார்கள். இனிப்பு சேர்ந்த மாவு சீக்கிரம் சிவந்துவிடும். கச்சாயத்தை இளந்தீயில் சுடுவது அதற்காகத்தான். மொறுமொறுப்பு வேண்டுமானால் மாவு தனி, சர்க்கரை தனி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பட்டை?

மளிகைக் கடையில் பட்டை என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது காசியா. சீனா, வியட்நாம், இந்தோனேசியா நாடுகளிலிருந்து வருவது. தடித்த ஒற்றைப் பட்டையாக, கறுத்து, உடைக்க முடியாமல், காரமாக இருக்கும். உண்மையான இலவங்கப்பட்டை இலங்கைக்கும் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் உரியது. இலங்கைத் தமிழர்கள் கறுவா என்பார்கள். காகிதம்போன்ற பல அடுக்குகளைச் சுருட்டுபோலச் சுருட்டியிருப்பார்கள். விரலால் நசுக்கினாலே நொறுங்கும், மணம் மென்மையாக இருக்கும். இதற்காகவே போர்ச்சுகீசியரும், டச்சுக்காரரும், 1796 முதல் ஆங்கிலேயரும் இலங்கைக் கரையைக் கைக்குள் வைத்திருந்தார்கள். இன்று இலங்கைக் கறுவாவை மிக அதிகம் வாங்கும் நாடு மெக்சிகோ. நான் முன்னே சொன்ன புனுவெலோஸ் பலகாரத்துக்கும் அது போகிறது.

இரண்டுக்கும் ருசியில் மட்டும் வித்தியாசம் இல்லை. காசியாவில் கூமரின் என்னும் பொருள் அதிகம். உண்மைப் பட்டையில் மிகக் குறைவு. கூமரின் அளவுக்கு மீறித் தினமும் சேர்ந்தால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்குள் ஒரு நாளைக்கு இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பின் கணக்கு. பண்டிகைக்கு ஒருமுறை சாப்பிடுவதால் பயப்பட வேண்டாம். பிள்ளைகளுக்கு அடிக்கடி செய்து தருவதானால் உண்மைப் பட்டையையே வாங்குங்கள். தூளாக வாங்காமல் பட்டையாக வாங்கி வீட்டில் பொடியுங்கள்.

தோட்டம் வைத்திருப்பவர்கள் வாங்கவே வேண்டாம். ஆனைமலை, பொள்ளாச்சியின் மேற்கு ஓரங்களில் தென்னைக்குள் ஜாதிக்காய் வைத்தவர்கள் அதோடு இலவங்கப்பட்டையும் வைக்கலாம். கோழிக்கோடு நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் நவஸ்ரீ, நித்யஸ்ரீ, நம் பல்கலைக்கழகத்தின் ஏற்காடு 1 ஆகிய ரகங்கள் இருக்கின்றன. விதை பழுத்தவுடன் விதைக்க வேண்டும். வைத்திருந்தால் முளைப்புத்திறன் போய்விடும். இரண்டு மூன்று வருடத்தில் தரையை ஒட்டி வெட்டிவிட்டால் பக்கக் கிளைகள் நேராகக் கிளம்பும். அவை விரல் தடிமனுக்குச் சற்று மேலே வந்ததும், தோல் பழுப்பாகி எளிதில் உரியும் பருவத்தில் அறுத்து உரிக்க வேண்டும். அவிநாசி, காங்கயம்போன்ற வறண்ட பகுதியில் விற்பனைக்கு ஆகாது. நிழலும் ஈரமும் உள்ள கிணற்றடியில் வீட்டுக்கு ஒரு மரம் வைத்துப் பார்க்கலாம்.

வழக்கமாகக் கேட்கும் மூன்று கேள்விகள்

*நாட்டுச்சர்க்கரையும் பட்டையும் சேர்ந்தால் நீரிழிவுக்காரர்கள் சாப்பிடலாமா?*

வேண்டாம். நாட்டுச்சர்க்கரையும் இரத்தச் சர்க்கரையை ஏற்றும். அதில் இரும்புச்சத்தும் தாதுக்களும் கொஞ்சம் இருக்கின்றன என்பது உண்மை; ஆனால் அது மருந்தாகிவிடாது. பட்டையை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

*பொரித்த எண்ணெயை எத்தனை முறை பயன்படுத்தலாம்?*

வடிகட்டி இரண்டாம் முறை தாளிப்புக்குப் பயன்படுத்தித் தீர்த்துவிடுவது நல்லது. கறுத்து, பிசுபிசுத்து, அடுப்பில் வைத்ததும் புகைந்தால் அது ஆகாது. விற்பவர்களுக்குச் சட்டமே இருக்கிறது. எண்ணெய் கெடுவதைக் காட்டும் போலார் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடப்பில் உள்ளது.

*கோதுமைக்குப் பதில் சிறுதானியம் போடலாமா?*

ராகி மாவை மூன்றில் ஒரு பங்குவரை கலக்கலாம். அதற்கு மேல் போனால் தேய்க்கும்போது விரியும், எண்ணெயில் உதிரும். சாமை மாவானால் தட்டுவடைபோலக் கையால் தட்டிப் போடுங்கள்.

விற்பதென்றால்

அந்தக் கோபி வீட்டுப் பெண் இரண்டாவது முறை செய்தபோது நானும் கணக்குப் போட உட்கார்ந்தேன். ஒரு கிலோ மாவுக்குச் சர்க்கரை 350 கிராம் செல்கிறது. பொரித்து முடிந்தால் பலகாரம் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வருகிறது. மாவு, வெண்ணெய், உறிஞ்சிய எண்ணெய், பட்டை, கேஸ், பாக்கெட் என்று தனித்தனியே எழுதினோம். "உங்க கூலியை எழுதலையே" என்றேன். "வீட்டு வேலைதானுங்களே" என்றார். எழுதச் சொன்னேன். கூலி எழுதாத கணக்கில் எல்லாமே லாபமாகத்தான் தெரியும்.

இன்னொரு கணக்கும் போட்டோம். 60 கிலோ மூட்டை ஒன்றைப் பலகாரமாகத் தீர்க்க வேண்டுமானால் 170 கிலோ மாவு பொரிக்க வேண்டும். ஒரு வீட்டு அடுப்பால் ஆகிற காரியம் இல்லை. கணவர் சிரித்தார். "பாத்தீங்களா மேடம், ஆலையில எடுக்கறது முப்பது நாப்பது மூட்டை, கரையறது ஒண்ணு." அவர் சொன்னது சரிதான். சர்க்கரை விலைப் பிரச்சனையைப் பலகாரம் தீர்த்துவிடும் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

வீட்டிலிருந்து விற்க விரும்புகிறவர்கள் முதலில் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யுங்கள். ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பதிவு மட்டும் போதும், ஆண்டுக்கு 100 ரூபாய் என்பதுதான் 2011-ம் ஆண்டு விதிகளில் வந்தபோது இருந்த ஏற்பாடு. விண்ணப்பிக்கும்போது நடப்பு வரம்பையும் கட்டணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் சேர்மானம், எடை, தயாரித்த தேதி, பதிவு எண், முகவரி இருக்க வேண்டும். குழுவாகச் செய்பவர்கள் பிரதமரின் குறு உணவு நிறுவனங்கள் திட்டத்தைப் பற்றி மாவட்டத் தொழில் மையத்திலும் வேளாண் வணிகத் துறையிலும் விசாரியுங்கள். இயந்திரம் வாங்க 35 சதவீத மானியம் அதில் இருந்தது; இப்போதும் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'ரசாயனம் இல்லாதது' என்று அச்சடிக்கும் முன் சர்க்கரையை ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதித்துவிடுங்கள். கையில் சான்று இல்லாமல் அப்படி எழுதக் கூடாது.

அந்த வீட்டில் இப்போது

இந்த வருடம் அவர்கள் ஏழாம் மாத யூரியாவை விட்டுவிட்டார்கள். ஆலைக்காரரிடம் நாள் வாங்கிக்கொண்டு முதல் நாள் சாயங்காலம் வெட்டி, மறுநாள் காலையில் ஆட்டினார்கள். மருந்து போடாத சர்க்கரை பழைய வீட்டுச் சர்க்கரையைவிட வெளிச்சமாகவே வந்தது. ஆனாலும் ஏலத்தில் முதல் ரகம் கிடைக்கவில்லை. பலகாரம் பத்து நாள் நமுக்காமல் இருந்தது.

அவர் பலகாரத்தைப் பள்ளிக்கூட ஆசிரியைகளுக்கும், பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு டீக்கடைக்கும் கொடுத்தார். வாங்கியவர்களில் சிலர், "மேலே தூவியிருக்கிற சர்க்கரை மட்டும் தனியா கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறார்கள். அதை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. இரண்டு கிலோ, ஐந்து கிலோ என்று கேட்டு, இப்போது ஆறு மூட்டை அளவுக்கு அப்படியே வீட்டிலிருந்து போகிறது. நிறத்தை யாரும் கேட்பதில்லை. ருசி தெரிந்து வாங்குகிறார்கள்.

மீதி மூட்டைகளுக்கு இன்னும் மருந்து போடத்தான் செய்கிறார்கள். கடனை வைத்துக்கொண்டு எல்லாக் கொப்பரையையும் ஒரே வருடத்தில் மாற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த பட்டத்தில் மருந்தில்லாமல் பத்து மூட்டை எடுப்போம் என்று கணவரே சொன்னார். மாமியார் மட்டும் சமாதானமாகவில்லை. "பத்து எதுக்கு, அத்தனையும் எடு" என்கிறார். அவர் கேட்பதும் நியாயம்தான். விளைவிக்கிறவர் வீட்டுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று இருப்பது அவரவர் மனசாட்சியோடு முடிகிற விஷயம் இல்லை. வெளுப்பைத் தேடி வாங்குகிற ஒவ்வொரு கையும் அதில் இருக்கிறது. நம் கையும்தான். நெல்லும் மஞ்சளும் விளைவிக்கிற வீட்டிலும் வெல்லத்தைக் கடையில்தானே வாங்குகிறோம்.

ஆகவே கரும்பு இல்லாத வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தீபாவளிக்குச் சர்க்கரை வாங்கும்போது கறுப்பாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் ஆலைக்கே போய், கொப்பரையைப் பார்த்து வாங்குங்கள். கரும்பு உள்ளவர்கள், இந்த முறை வீட்டுக்கு எடுக்கும் கொப்பரையோடு இன்னும் ஒரு கொப்பரையை அதே மாதிரி எடுத்துப் பாருங்கள். எப்படி வந்தது, என்ன விலை போனது, பலகாரம் எத்தனை நாள் தாங்கியது என்று இந்த இதழுக்கு எழுதுங்கள். வருகிற கடிதங்களை வைத்து, மருந்தில்லாத சர்க்கரையைச் சேர்ந்து விற்பதற்கு என்ன வழி என்று அடுத்து எழுதுகிறேன்.